சாரணர் ஏடுகள் எடைக்குப் போகக் கூடாது

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்கள், இரு மாவட்டங்களின் பாரத சாரண சாரணியர் சங்கப் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

பள்ளிகளில் உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த கம்பி, பயன்படாத காகிதம் ஆகியவற்றை ஏலம் விடும்போது, அந்தக் குவியலோடு சாரணர் (ஸ்கவுட்) படைகளின் பழைய ஏடுகளும் எடைக்குப் போய்விடுகின்றன. வருகைப் பதிவேடு, முகாம் நாட்குறிப்பு, நடைப்பயண அறிக்கை, அணித் தலைவர்கள் கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பு, பழுப்பேறிய குழுப் படம் என்று எல்லாமே அதில் அடக்கம். அடுத்த ஏலம் வருவதற்கு முன் இரு மாவட்டப் பள்ளிகளுக்கும் நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். சாரண சாரணியர் இயக்கம் தொடர்பான எந்தத் தாளையும் வெளியே விடாமல் தனியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் இந்தப் பகுதியின் அரசுப் பெண்கள் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதியில் சாரணிய ஆசிரியையாகவும் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கு ஆண்டு விழாவுக்காகப் போயிருந்தபோது, வாசலில் நின்ற மினி லாரியில் காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே கிடந்த கட்டில் சாரணர் சின்னமான மூவிதழ் மலர் அச்சிட்ட அட்டை தெரிந்தது. கட்டைப் பிரிக்கச் சொன்னேன். எனக்கு முன்பு அங்கே சாரணிய ஆசிரியையாக இருந்தவர் பல ஆண்டுகள் வைத்திருந்த முகாம் ஏடுகள் அவை. எடைக்கு உரிய காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்த தலைமையாசிரியருக்கு அந்த ஏடுகள் என்னவென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்று ஓர் ஆணையும் வந்திருக்கவில்லை. ஸ்டோர் ரூமில் இடம் வேண்டும், தணிக்கைக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். அவர் வேறு என்ன செய்வார்?

அந்த ஏடுகளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். அரூரிலிருந்து தீர்த்தமலைக்கு நடந்து போன சிறுமிகளின் அறிக்கை ஒன்று இருக்கிறது. சுமார் 16 கிலோமீட்டர் வழியை அவர்கள் கையால் வரைந்திருக்கிறார்கள். எந்த ஆலமரத்தடியில் உட்கார்ந்தார்கள், எந்தக் கிணற்றில் நீர் குடிக்க முடிந்தது, எது உப்புக் கரித்தது, அனுமன்தீர்த்தம் பக்கம் தென்பெண்ணையில் அன்று எவ்வளவு தண்ணீர் ஓடியது, எங்கே கால் வைத்துக் கடக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் குறியீடு போட்டிருக்கிறார்கள். மதிய உணவுக்குக் கேழ்வரகு மாவு எத்தனை படி, கொள்ளு எவ்வளவு, விறகு எங்கே பொறுக்கினார்கள் என்பதும் உண்டு. தீ மூட்டும் தேர்வில் இரண்டு தீக்குச்சிகளுக்கு மேல் செலவிடக் கூடாது என்பது விதி. தூறல் காரணமாக மூன்றாவது குச்சி தேவைப்பட்டதை ஒரு சிறுமி ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறாள். ஆசிரியை பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' என்று குறித்திருக்கிறார். தேர்ச்சி கொடுத்தாரா, மறு தேர்வு வைத்தாரா என்பதற்கு அடுத்த பக்கம் இல்லை, கிழிந்துவிட்டது.

இன்னோர் அறிக்கையில், வழியில் தங்கிய கிராமத்துப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதை ஒரு மாணவி குறித்திருக்கிறாள். பெரியவர்கள் சிலர் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததையும் எழுதியிருக்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியவில்லை. நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு நம் இரு மாவட்டங்களையும் எப்படி வாட்டியது என்பது நமக்கு இன்று தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே ஒரு சாரணியச் சிறுமி தன் கண்ணில் பட்டதை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். ஊரைக் கவனி, பார்த்ததை எழுது, கூட்டிக் குறைக்காதே என்பது சாரணர் பயிற்சியின் அடிப்படை. இந்தப் பயிற்சியைப் பெற்ற பிள்ளைகள் நம் மலைகளையும் ஏரிகளையும் ஊர்ப் பாதைகளையும் பற்றிப் பல தலைமுறைகளாக எழுதியிருக்கிறார்கள். வேறு எந்த அலுவலக ஆவணத்திலும் கிடைக்காத செய்தி அது. அதைத்தான் கிலோ கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இது ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு, இதற்கு எதற்கு வரலாறு என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த இயக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் நம் மாவட்ட எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை வைத்துச் சோதனை முகாம் நடத்தியது 1907 ஆகஸ்டில். இரண்டே ஆண்டுகளில், 1909-இல், கேப்டன் டி.எச். பேக்கர் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கி லண்டன் தலைமையகத்தில் பதிவு செய்தார். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சென்னையிலும் படை அமைந்தது. நம் ஊர்கள் இந்த இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட பாதையில் கிடந்தன.

ஆனால் அந்தப் படைகளில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. ஐரோப்பியச் சிறுவர்களும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களும் மட்டுமே சேரலாம். வரைபடம் படிக்கவும் தடம் பார்க்கவும் அணியாகச் செயல்படவும் இந்தியச் சிறுவர்கள் கற்றுக்கொண்டால் நாளை அதை யாருக்கு எதிராகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் இயக்கம் 1911-இல் ஜபல்பூரில் தொடங்கியபோதும் இதே கதவுதான். ஸ்ரீராம் பாஜ்பாய் 1913-இல் ஷாஜகான்பூரில் இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துத் தனிப் படை அமைத்தார். தெற்கில் அந்தக் கதவை உடைத்தவர் அன்னி பெசன்ட். ஜி.எஸ். அருண்டேலுடன் சேர்ந்து 1916-இல் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை நிறுவினார். அவருடைய சாரணர்கள் தலையில் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தார்கள். மறு ஆண்டு வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் பாஜ்பாயுடன் சேர்ந்து சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பேடன் பவல் 1921-இல் இந்தியாவுக்கு வந்தார். அப்போது பெசன்ட்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகள் தடையில்லாமல் காக்கிச் சட்டை போட்டு நிற்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அந்த ஆண்டுகளை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் தங்கிப் பாரதாசிரமம் அமைத்துப் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டு, 1925 ஜூலையில் அங்கேயே மறைந்தார். அதே காலத்துச் சாரணர் உறுதிமொழியில் மன்னருக்குக் கடமையாற்றுவேன் என்ற வரி இருந்தது. கதர் உடுத்திய தகப்பனுக்கும் காக்கி அணிய ஆசைப்பட்ட மகனுக்கும் இடையே என்ன பேச்சு நடந்திருக்கும்? பின்னர் பேடன் பவல் இந்தியர்களின் ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசிய கருத்து நாட்டில் கொதிப்பைக் கிளப்பியது. 1938-இல் பலர் பிரிந்து இந்துஸ்தான் சாரணர் சங்கம் கண்டார்கள். அப்போது நம் ஊர்கள் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அரசியல் வரலாற்றில் சேர்க்க வேண்டிய செய்தி. நாடு விடுதலை பெற்ற பின் அந்தப் பிளவுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பு உருவானது. சாரணியர் 1951 ஆகஸ்ட் 15 அன்று அதில் இணைந்தார்கள். நீங்கள் ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று கொடி நாள் கொண்டாடுவது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது பெரிய ஊர்களின் கதை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. நம் பகுதியின் பங்கு எழுத்தில் ஏறாமல் போனதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு, அது நிர்வாகம் சார்ந்தது. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் இருந்ததெல்லாம் சேலம் ஜில்லாக் கணக்கு. ஜில்லா போர்டு பள்ளிகள் அரசுப் பள்ளிகளாக மாறியபோது ஒரு முறை ஏடுகள் கை மாறின. தருமபுரி பிரிந்தபோது இன்னொரு முறை. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது மறுபடி. பிறகு கல்வி மாவட்டங்களே மாறின. 2018-இல் அரசாணை 101 வந்து அலுவலகங்கள் இணைந்தன, 2022-இல் அரசாணை 151 வந்து மீண்டும் பிரிந்தன. சாரணர் மாவட்டங்கள் நம் மாநிலத்தில் கல்வி மாவட்டங்களை ஒட்டியே இயங்குவதால், ஒவ்வொரு மாற்றத்திலும் சாரணர் கோப்புகளும் இடம் பெயர்ந்தன. நிர்வாகத்துக்கு உடனடியாகத் தேவைப்பட்ட கோப்புகள் வேனில் ஏறின. தேவைப்படாதவை பழைய கட்டடத்திலேயே கிடந்தன. பழைய கட்டடம் இடிக்கப்பட்டபோது அவையும் போயின. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் வீடு மாறும் குடும்பம் ஒவ்வொரு முறையும் பரண் மேலிருக்கும் பெட்டியை விட்டுவிட்டுப் போனால், நான்காவது வீட்டில் தாத்தாவின் படம் இருக்காது.

ரயிலின் கதையை எண்ணிப் பாருங்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய பாதை வந்தது, 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இன்னொன்று. உலகப் போரின்போது 1941-இல் இரண்டும் நிறுத்தப்பட்டன. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ரயில் எப்போது ஓடியது, ஏன் நின்றது என்பதை நம்மால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ரயில்வே தன் தாளை வைத்திருந்ததுதான் காரணம். தருமபுரியிலிருந்து ஒரு சாரணச் சிறுவன் சேலத்து அணிவகுப்புக்குப் போக வேண்டுமானால், அந்தக் குட்டி ரயிலில் மொரப்பூர் வந்து பெரிய பாதை வண்டிக்கு மாற வேண்டும். ரயிலுக்கு வரலாறு இருக்கிறது. அதில் ஏறிய பையனுக்கும் இருக்க வேண்டாமா?

இனி பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியின் சாரணர் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. சாரணர்களைவிடச் சாரணியரின் ஏடுகள்தான் விரைவாக அழிகின்றன என்பதும் நான் நேரில் கண்டது.

நம் மாவட்டங்களில் பெண் குழந்தை பிறப்பதே சுமையாகக் கருதப்பட்ட காலம் வெகு தொலைவில் இல்லை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது, 2001-இல் தருமபுரிக்கும் விரிவானது. அந்தத் திட்டம் ஏன் இங்கே வர வேண்டியிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியில் 1,000 ஆண்களுக்கு 946 பெண்கள். எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடமும் அப்போது நமக்குத்தான். பூப்படைந்ததும் படிப்பை நிறுத்துவது, பதினாறு வயதில் மாமனுக்குக் கட்டி வைப்பது என்று இருந்த ஊர்களில்தான் நாங்கள் வீடு வீடாகப் போய், உங்கள் மகளை மூன்று இரவுகள் முகாமுக்கு அனுப்புங்கள் என்று கேட்டோம்.

பதில் என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வயதுக்கு வந்த பெண்ணை ராத்திரி வெளியே தங்க வைப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஒரு தாய் மட்டும், நானும் வருகிறேன், முகாமுக்கு வெளியே திண்ணையில் படுத்துக்கொள்கிறேன், என் மகள் இருக்கட்டும் என்றார். வரச் சொன்னோம். முதல் இரவு அவர் கண் அசரவில்லை. மறுநாள் காலை மாணவிகள் கூடாரத்துக்குக் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மாட்டுக்குப் போடும் முடிச்சும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்லி அவராகவே ஒரு கம்பத்தை இழுத்துக் கட்டினார். மாலையில் நிம்மதியாக ஊர் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு அந்த ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்பச் சொல்லி நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

முகாம் ஏட்டில் அந்தத் தாயின் பெயர் பார்வையாளர் பகுதியில் இருக்கிறது, கைநாட்டு. அந்தப் பிள்ளை பின்னாளில் மாநில அளவிலான சாரணியர் விருதான ராஜ்ய புரஸ்கார் தேர்வு வரை வந்தாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்பதைச் சொல்ல மாட்டேன். அது அவளுடைய சொந்த வாழ்க்கை. ஆனால் இப்படி முதன்முதலாக வீட்டு வாசலைத் தாண்டித் தனியே ஓர் இரவு தங்கிய பெண்கள் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் காரிமங்கலத்திலும் ஊத்தங்கரையிலும் போச்சம்பள்ளியிலும் பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பதை இன்று கேட்டால் கிடைக்கும். பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. பெண் கல்வி பற்றிய புள்ளிவிவரங்களை அலுவலகத்தில் வைத்திருக்கும் நீங்கள், அந்தப் புள்ளிவிவரங்களை மாற்றியது எப்படி என்பதற்கான சாட்சிகளையும் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சொல்ல நா எழவில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், என்.சி.சி. என்னும் தேசிய மாணவர் படை அமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அந்தப் பெயரில் ஒரு தனியார் பள்ளியில் முகாம் நடத்தியதும், அங்கே மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையும் வெளியே வந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அனுமதி பெற்ற முகாம் எப்படி இருக்கும், பெறாத முகாம் எப்படி இருக்கும் என்பதை ஒரு கிராமத்துத் தாய் எதை வைத்துத் தெரிந்துகொள்வாள்? சீருடை, விசில், அணிவகுப்பு என்று வெளித்தோற்றம் எல்லாம் ஒன்றுதான்.

சாரணர் இயக்கத்தில் இதற்கு ஒழுங்கான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு படையும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். படையை நடத்துபவர் அடிப்படைப் பயிற்சி முடித்து, நியமனச் சான்று பெற்றிருக்க வேண்டும். முகாமுக்கு முன்கூட்டியே அனுமதி, பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதல், சாரணியர் முகாமில் இரவு முழுக்கப் பெண் பொறுப்பாளர்கள், யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற பதிவேடு எல்லாம் இருக்க வேண்டும். நாங்கள் ஏடு எழுதியது இதற்காகத்தான். அந்தத் தாய் கைநாட்டு வைத்த பக்கம் அவருடைய மகளின் பாதுகாப்புக்கான பக்கம். பழைய ஏடுகளை நீங்கள் திறந்து காட்டினால், எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு யார் பொறுப்பில் எப்படி முகாம் நடந்தது என்பதை மக்கள் தாங்களே பார்ப்பார்கள். உண்மையான முகாம் இப்படி இருக்கும் என்று அடையாளம் தெரிந்தால், போலியைக் கேள்வி கேட்கும் துணிவு வரும். ஏட்டை எடைக்குப் போடும் பழக்கமும், அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்காத பழக்கமும் ஒரே அலட்சியத்திலிருந்து வருபவை என்றே நான் நினைக்கிறேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன்.

இப்போது உறுப்பினர் பதிவு இணையவழி நடக்கிறது. நல்லது. புதிய பிள்ளைகளின் பெயர் கணினியில் பத்திரமாக இருக்கும். அதற்கு முந்தைய பிள்ளைகளைப் பற்றிய கவலைதான் எனக்கு.

சுற்றறிக்கையோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் செய்ய வேண்டும். பள்ளிகள் எடுத்து வைக்கும் ஏடுகளை மாவட்டத்துக்கு ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். பூட்டும் ஒரு பீரோவும், பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியரும் போதும். ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கு ரசீது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைமையாசிரியர்கள் தரத் தயங்குவார்கள்; அது நியாயமும்கூட. கைபேசியிலேயே தெளிவாகப் படம் எடுக்க முடிகிற காலம் இது. இயக்கத்தின் மூத்த இளைஞர் பிரிவினரான திரிசாரணர்களையும் திரிசாரணியரையும் இந்த வேலையில் ஈடுபடுத்தலாம். சேவை நேரம் என்று எங்கெங்கோ கணக்குக் காட்டுகிறார்கள், இது அவர்களுடைய சொந்த இயக்கத்துக்கான சேவை. சிறுமிகளின் முகவரி, உடல்நலக் குறிப்பு போன்றவை உள்ள பக்கங்களைப் பொதுவில் வைக்கக் கூடாது. அதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். தருமபுரியில் அகழ்வைப்பகம் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாடு மீட்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நடுகற்களைப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். காகிதத்தைப் பாதுகாக்கும் முறையை அவர்களிடம் கேளுங்கள். ஊர் ஊராகக் கல்வெட்டும் பாறை ஓவியமும் தேடி அலையும் வரலாற்று ஆர்வலர்கள் கிருஷ்ணகிரியில் நிறையப் பேர். அவர்களை அழைத்தால் வருவார்கள்.

சேலம் மாவட்டச் சங்கத்துக்கும் நீங்கள் முறைப்படி எழுத வேண்டும். 1965-க்கு முந்தைய நம் பள்ளிகளின் பெயர் அவர்கள் கோப்பில் இருந்தால், அதன் படியைப் பெறும் உரிமை நமக்கு உண்டு. இதைத் தனி ஒருத்தியாக நான் கேட்டால் வராந்தாவில் உட்கார வைப்பார்கள். நீங்கள் கேட்டால் தருவார்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு வழி, கன்னட வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் உருது படித்த பிள்ளைகள் உண்டு. உறுதிமொழியை அவரவர் மொழியில் சொன்ன பிள்ளைகள் அவர்கள். தமிழ் ஏடுகளை மட்டும் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களின் பள்ளிகளையும் மறக்க வேண்டாம். அங்கே ஏடு குறைவாக இருக்கும், நினைவு அதிகமாக இருக்கும். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டும்.

புதிதாக நடப்பவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் சாரணர்களின் வைர விழாப் பெருந்திரளணி (ஜாம்பூரி) நடந்தது. அங்கே போய் வந்த நம் பிள்ளைகளிடம் நாட்குறிப்பு கேளுங்கள். ஒரு பக்கமாவது எழுதித் தரச் சொல்லுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி உடைந்து சாலையில் நின்ற வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த நாள்களில் நம் பள்ளிப் பிள்ளைகள் என்ன பார்த்தார்கள், யாருக்கு என்ன உதவி செய்தார்கள் என்பதை அந்தப் பகுதிச் சாரண ஆசிரியர்கள் எழுதி வாங்க வேண்டும். நினைவு பசுமையாக இருக்கும்போதே வாங்கினால்தான் அது ஆவணம்.

பணம் ஏது என்று கேட்பீர்கள். பெரிய தொகை எதையும் நான் கேட்கவில்லை. ஒரு சுற்றறிக்கை, ஒரு பீரோ, மாதம் ஒரு சனிக்கிழமை, ஓர் ஆசிரியருக்கு மாற்றுப் பணி ஆணை. அரசுத் திட்டம் எதற்கும் காத்திருக்காமல் நீங்கள் கையெழுத்துப் போட்டாலே நடக்கக்கூடிய வேலை இது. நேரம் ஏது என்று கேட்டால், அதற்கும் எனக்குப் பதில் உண்டு. ஓய்வு பெற்ற சாரண ஆசிரியர்கள் பலர் இரு மாவட்டங்களிலும் இருக்கிறோம். எங்களுக்கு முழங்கால் வலி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஏடுகளைப் படித்து, ஆண்டு வாரியாக அடுக்கி, எந்தப் படத்தில் யார் யார் என்று சொல்ல எங்களால் முடியும். ஊதியம் வேண்டாம். உட்கார ஒரு மேசையும், வந்து போகும் பஸ் கட்டணமும் தந்தால் போதும்.

லாரியிலிருந்து நான் மீட்ட ஏடுகளும், என் சொந்த முகாம் ஏடுகளும் வீட்டில் துணியில் சுற்றி, கரையான் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். அவை எனக்குச் சொந்தமானவை இல்லை, பள்ளிகளுக்குச் சொந்தமானவை. நீங்கள் இடத்தையும் நாளையும் அறிவித்தால் நானே கொண்டு வந்து ஒப்படைக்கிறேன். ஒவ்வோர் ஏட்டுக்கும் தனித்தனியே ரசீது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாரணிய ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்